வரைந்து கொடுத்த கால்

18-10-69

முள் குத்திப் பதினோரு நாள் ஆகிறது. இன்றுதான் குதிகாலை ஊன்றி வாசல் வரைக்கும் நடந்தேன். அரை விரல் நீளம்கூட இல்லாத கருவேல முள், ஒரு ஆளை இத்தனை நாள் மூலையில் உட்கார வைத்துவிட்டது.

வீட்டில் சும்மா இருப்பது வேலையைவிடக் களைப்பாக இருக்கிறது. தம்பி வேலாயுதம் தறியில். என் மனைவி ஏலவார்குழலி அவன் பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்குத் தறி நாடா எறிகிறாள். நான் பாயில் காலை நீட்டிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதினெட்டு வருஷம் நான் உட்கார்ந்த இடம் அது. தறி ஒன்று, அண்ணன் தம்பி இரண்டு பேர். அவன் கை என் கையைவிடச் சுத்தம். டிசைன் போடுவதில் மட்டும் நான் கெட்டி. கட்டம் போட்ட காகிதத்தில் நான் புள்ளி வைத்துக் கொடுத்தால் அன்னமோ யாளியோ புடவையில் அப்படியே இறங்கும். ஆனால் மாதம் முழுவதும் டிசைன் போட யார் கூலி கொடுப்பார்கள்? அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு முன்பு மின்சார லைன் போடுகிற கேங்கில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். குழி தோண்ட, கம்பம் சுமக்க, கயிறு பிடிக்க, கம்பி இழுக்க.

25-10-69

வேலைக்குப் போனேன். முசரவாக்கம் பக்கம், வயல் கிணறுகளின் பம்ப்செட்டுகளுக்கு லைன் போகிறது.

லைன் இன்ஸ்பெக்டர் தணிகாசலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூடத் தேவலை.

"மாணிக்கம், ஏப்ரலுக்கு நிரந்தரம் பண்றதுக்கு லிஸ்ட் கேக்கிறாங்க. கேங்குல ஆறு பேரு, எடம் நாலு. இனிமே கால்வலி, காய்ச்சல்னு நீ ஒரு வாரம் படுத்துட்டா நான் இன்னா பண்ண முடியும்பா? வெறுங்கால்ல ஏன் நடக்கிற? ஒரு பூட்ஸ் வாங்கிப் போடு."

சரி சார் என்றேன். நிரந்தரம் என்றால் மழை பெய்தாலும் சம்பளம். எனக்கு முப்பத்து நான்கு வயது. அது ஒன்று கிடைத்தால் போதும், வேறு எதையும் யாரிடமும் கேட்கப் போவதில்லை.

3-11-69

கடையில் பூட்ஸ் வாங்கினேன். பளபளவென்று இருக்கிறது.

14-11-69

பளபளப்பு பதினோரு நாள். நல்ல மழை, முழங்கால் சேறு. கம்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு காலைத் தூக்கினால் மேல்பாகம் மட்டும் வந்தது, அடிப்பாகம் சேற்றிலேயே நின்றுவிட்டது. பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். தையலே இல்லை, தையல் மாதிரிக் கோடு மட்டும் கீறியிருக்கிறார்கள். கேங்கில் கூட வேலை செய்கிற பரசுராமன் கம்பத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அவனுக்கு இந்த முசரவாக்கம்தான் ஊர். பிறந்ததிலிருந்து சேற்றில் நடந்த கால், முள்ளே அவனைப் பார்த்து ஒதுங்கும்.

"எங்க மச்சான் மிலிட்டரில இருக்காருப்பா. அவரு பழைய பூட்ஸ் ஒண்ணு பரண்ல கெடக்குது. யானை மிதிச்சாலும் ஒண்ணும் ஆவாது. கொண்டாரேன்."

18-11-69

கொண்டுவந்தான். அடியில் முழுக்க இரும்பு ஆணி, குதிகாலில் லாடம். போட்டு நடந்தால் குதிரை போகிற சத்தம். தணிகாசலம் பார்த்த உடனே கழற்றச் சொன்னார். கரண்டு வேலையில் காலுக்கு அடியில் இரும்பு வைத்துக்கொண்டு நிற்கிறவன் குடும்பத்துக்கு எழுதி வைத்துவிட்டு நிற்கட்டும் என்றார். ஆணி இல்லாமல், பசை இல்லாமல், முழுக்கத் தையல் போட்டதாக வேண்டுமாம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் முனிரத்தினம் என்று ஒருவர் தைக்கிறார், அவரிடம் போ என்றார்.

23-11-69

ஞாயிறு. முனிரத்தினத்திடம் போனேன். தகரம் போட்ட சின்னக் கடை. ஆளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு. பேச்சு குறைவு, ஆனால் தோலைப் பற்றிக் கேட்டால் மட்டும் முகம் மாறிவிடுகிறது.

ஒரு தோலை எடுத்து என் முன்னால் போட்டார். "இத்த வளைச்சுப் பாருங்க மொதலியாரே. வெடிப்பு தெரியுதா? தெரியல இல்ல. ராணிப்பேட்டையில ஆவாரம்பட்டை போட்டுப் பதம் பண்ணது. வயித்துத் தோலு நீண்டுக்கினே போவும், ஒரு மழைக்குத் தாங்காது. முதுகுத் தோலுதான் நிக்கும். அடிக்கு எருமை, மூணு அடுக்கு. மெழுகு நூலு. ஆணி ஒண்ணு கூடக் கிடையாது. அஞ்சு வருசம் போட்டுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

நான் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். தடம் விழுந்தது, மெதுவாக எழும்பி மறைந்தது. பட்டு நூலைத் தொட்டுத் தரம் சொல்லத் தெரிந்தவனுக்குத் தோலும் கொஞ்சம் பிடிபடுகிறது. விலை சொன்னார், இரண்டு வாரக் கூலி. பேரம் பேச மனம் வரவில்லை.

பிறகு ஒரு பழைய செய்தித்தாளை என் கால் கிட்டே விரித்து, "இதுமேல நில்லுங்க, அளவு எடுத்துக்கிறேன்" என்று கையை நீட்டினார். நான் காலை இழுத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் செருப்புக்கு அளவு என்றால் பழைய செருப்பைக் கல்மேல் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். தைக்கிறவர் எடுத்துப் பார்த்துக்கொள்வார். காலைக் கொடுப்பது வழக்கம் இல்லை.

"நாளைக்கு நானே வரைஞ்சு கொண்டாரேன். டிசைன் போடறவன் நான், அளவு பிசகாது" என்றேன். அவர் கையை மடக்கிக்கொண்டார். ஏன் இழுத்துக்கொண்டாய் என்று என்னையே கேட்டால் பதில் தெரியும். எழுதவேண்டாம்.

24-11-69

வேலாயுதம் சாப்பிடப் போன நேரத்தில் தறிக்குழி விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு, கட்டம் போட்ட காகிதத்தை அடியில் வைத்து வரைந்தேன். என் கால் ஒழுங்காக ஓர் இடத்தில் இருக்கிறதென்றால் அந்தக் குழிக்குள்தான். இரண்டு கால்களும் வரைந்து, விரல் விரலாகக் கட்டம் எண்ணிக் குறித்தேன். அரைக் கட்டம்கூடத் தப்பு இல்லை. பார்க்க அழகாக இருக்கிறது. குழலி எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் காலைப் புடவையில போட்டா யாரு வாங்குவாங்க?" என்றாள்.

21-12-69

பூட்ஸ் வந்துவிட்டது.

நன்றாக இருக்கிறது என்று சொன்னால் போதாது. ஒவ்வொரு தையலும் ஒரே அளவு, ஒரே இழுப்பு. கடைப் பலகையில் உட்கார்ந்து காலை விட்டேன். உறை போட்ட மாதிரி ஏறியது.

"எழுந்து நாலு தப்படி நடந்து பாருங்க" என்றார் முனிரத்தினம்.

எதிர்ப்பக்கம் எங்கள் தெரு வீரபத்திரன் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டுமே. ஆனால் நான், "சரியா இருக்குது, போதும்" என்று கழற்றிக் கோணியில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் வைக்க இடம் பெரிய பேச்சாகிவிட்டது. தறி இருக்கிற கூடத்தைத் தாண்டித் தோல் வரக்கூடாது என்று வேலாயுதம் சொல்லிவிட்டான். கோயிலுக்குப் போகிற புடவையாம். சரிதான். பின்கட்டில் கூடையைக் கவிழ்த்து உள்ளே வைத்தேன்.

24-12-69

வலது சுண்டுவிரலில் கடிக்கிறது. புதுத் தோல், இளகும்.

31-12-69

விளக்கெண்ணெய் தடவி வைத்தேன். இளகவில்லை. ஆனால் சேறு உள்ளே வரவில்லை, முள் ஏறவில்லை. ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைக் கொடுக்கத்தான் வேண்டும்போல் இருக்கிறது.

9-1-70

தணிகாசலம் என் பூட்ஸைக் குனிந்து பார்த்தார். ஓரத்தைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். "இதுதான்யா வேலை! எல்லாரும் இதே மாதிரி தெச்சுக்குங்கடா" என்றார். மற்ற ஐந்து பேரும் என்னைச் சுற்றி நின்றார்கள். எப்படி இருக்குது, கடிக்குதா என்று பரசுராமன் கேட்டான்.

"கடிக்கவே கடிக்காது" என்றேன்.

அந்த நேரத்தில் சுண்டுவிரல் சுற்றியிருந்த துணிக்குள் ஈரமாக இருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன்? முதல் பூட்ஸுக்கு ஒரு தடவை சிரித்தார்கள். இன்னொரு தடவை சிரிக்க வைக்க எனக்குத் தெம்பு இல்லை.

போகிற வழியில் முனிரத்தினத்திடம் ஐந்து ஜோடி என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் நாளைக்கே ராணிப்பேட்டைக்குப் போய் முதுகுத் தோலாகப் பார்த்து எடுத்து வருகிறேன் என்றார். இத்தனை ஜோடி ஒன்றாக யாரும் கேட்டதில்லையாம்.

16-1-70

பொங்கல் விடுமுறை. இரண்டு நாளாகப் பூட்ஸ் போடவில்லை, கால் கொஞ்சம் மூச்சு விட்டது. குழலி துவைக்கிற இடத்தில் என் கால்துணியில் ரத்தம் பார்த்துவிட்டாள். கல் இடித்துவிட்டது என்றேன்.

30-1-70

சீழ். மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டேன்.

3-2-70

இன்று ஒரு கேவலமான காரியம் செய்தேன்.

பகல் சாப்பாட்டு நேரம். பரசுராமன் ஞாயிற்றுக்கிழமை அளவு கொடுக்கப் போகிறேன் என்றான். காலையிலிருந்து விரல் தெறித்துக்கொண்டிருந்தது எனக்கு. வாயில் வந்துவிட்டது.

"போவாத. அந்த ஆளு ஏமாத்திட்டான். அளவை விட்டுட்டான். ஒரு சுத்து சின்னதா பண்ணிக் குடுத்துட்டான்."

"நல்லா இருக்குதுன்னியே?"

"அப்ப நல்லா இருந்துது. இப்ப சுருங்கிக்கினு வருது."

புண் என்று சொல்லவில்லை. சொன்னால் தணிகாசலம் காதுக்குப் போகும். லேசாகக் கடிக்கிறது என்றுமட்டும் சொன்னேன். சாயங்காலமே பரசுராமன் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, எங்களுக்கு வேண்டாம் என்று முனிரத்தினத்திடம் சொல்லிவிட்டானாம்.

8-2-70

கோபத்தை நன்றாகக் கட்டிக்கொண்டு முனிரத்தினத்திடம் போனேன். கடையின் உள்ளே புதுத் தோல் ஐந்து ஜோடிக்கும் சுருட்டி வைத்திருந்தது. பார்த்தேன். பார்க்காத மாதிரி பூட்ஸை அவர் முன்னால் போட்டேன்.

"இதுதான் உன் வேலையா? காலே போச்சு எனக்கு. காகிதத்துல அவ்வளவு சுத்தமா போட்டுக் குடுத்தனே, பார்க்கத் தெரியாதா உனக்கு?"

அவர் பெட்டியைத் திறந்து என் காகிதத்தை எடுத்தார். பத்திரமாக வைத்திருக்கிறார், மடிப்புக்கூடக் கலையவில்லை. பூட்ஸ் செய்த மரக்கட்டைகளைக் காகிதத்தின் மேல் வைத்தார். கோட்டுக்குக் கோடு உட்கார்ந்தது. பிறகு கட்டைகளை எடுத்துவிட்டுக் காகிதத்தைத் தரையில் விரித்தார்.

"இதுமேல நில்லுங்க மொதலியாரே."

நின்றேன்.

என் கால் என் கோட்டுக்குள் இல்லை. சுண்டுவிரல் பக்கம் அரை விரல் வெளியே. குதிகால் வெளியே. கட்டைவிரல் தள்ளி நிற்கிறது. நான் கட்டம் எண்ணிப் போட்ட கோடு என் பாதத்துக்கு அடியில் மறைந்தே போய்விட்டது.

"எங்க உக்காந்து வரைஞ்சீங்க?"

"தறியில."

அவர் தலையை ஆட்டினார். "உக்காந்த காலு வேற, நின்ன காலு வேற. அதுவும் கம்பம் தூக்குற ஆளு. ஒடம்பு எடை எறங்கினா பாதம் பரவும். அன்னிக்கு நான் காலைக் கேட்டேன், நீங்க காகிதத்தைக் குடுத்தீங்க. நான் காகிதத்துக்குச் செஞ்சேன்."

காகிதத்தில் இருப்பதுதான் புடவையில் வரும், அது எங்கள் தொழில். பட்டு நூல் நின்றாலும் உட்கார்ந்தாலும் ஒரே அளவுதான். ஒரு கால் அப்படி இல்லை என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? கட்டிக்கொண்டு வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பூட்ஸைப் பிரித்துப் பக்கவாட்டில் பட்டி வைத்துத் தர முடியும் என்றார். ஆனால் இப்போது முடியாதாம். "வீங்கின காலுக்கு அளவு எடுத்தா ஆறின காலு உள்ள ஆடும். புண்ணு ஆறட்டும். பத்து நாளு வீட்ல இருங்க, அப்புறம் வாங்க."

பத்து நாள்! லிஸ்ட் மார்ச்சில் போகிறது. எங்கே இருப்பது?

சுருட்டி வைத்த தோலைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

9-2-70

கேங்கில் சொல்லவேண்டும். அளவு தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை. எப்படி என்று கேட்பார்கள், கால் எப்படி என்றும் கேட்பார்கள். காட்டு என்பார்கள்.

சொல்லவில்லை.

17-2-70

வேலை. கால்.

26-2-70

மருந்துக்கடைப் பவுடர் போட்டுத் துணி சுற்றி, அதே பூட்ஸில் திணித்துக்கொண்டு போகிறேன். காலையில் விடும்போது ஒரு தடவை பல்லைக் கடிக்க வேண்டும். பத்து மணிக்குமேல் மரத்துவிடுகிறது. சாயங்காலம் கழற்றும்போது இன்னொரு தடவை. இந்த இரண்டு நிமிஷத்துக்கு நடுவில் ஒரு நாள் முடிகிறது. எத்தனை நாள் இப்படி? இன்னும் ஒரு மாதம்தான். நிரந்தரமாகிவிட்டால் லீவு உண்டு. அப்போது காலை ஆற வைத்துக்கொள்ளலாம்.

5-3-70

பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் வீட்டுக்குப் போகிறேன். அரை மைல் அதிகம். இந்தக் காலோடு.

11-3-70

இன்று பரசுராமன் கம்பத்தின் மேல் இருந்தான், நான் கீழே கயிறு பிடித்துக்கொண்டிருந்தேன். கம்பியின் கனம் திடீரென்று என் பக்கம் சாய்ந்தது. வலது காலை உதைத்து ஊன்றவேண்டும். ஊன்றவில்லை. கால் கேட்கவில்லை. கயிறு ஒரு முழம் உள்ளங்கையில் ஓடியது. மேலேயிருந்து அவன், "டேய், தூங்கறியா?" என்று கத்தினான். சிரித்துச் சமாளித்தேன். கையில் தோல் உரிந்திருக்கிறது.

18-3-70

பங்குனி உற்சவம், தேர். தேர் போகிற வீதியில் குறுக்கே இருக்கிற கம்பிகளை அவிழ்த்து, தேர் தாண்டிய பிறகு திரும்பக் கட்டவேண்டும். வருஷா வருஷம் எங்கள் கேங் தேருக்கு முன்னால் போகிறது. நான் மறந்துவிட்டேன், தேர் வீதியில் காலில் எதுவும் போடக்கூடாது.

"எல்லாம் கழட்டுங்கடா" என்றார் தணிகாசலம். எல்லாரும் செருப்பை ஓரமாக விட்டார்கள். நான் சுவர் ஓரம் உட்கார்ந்து இழுத்தேன். துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நாற்றம் எனக்கே வந்தது. தணிகாசலம் பின்னால் நின்றிருக்கிறார்.

"இன்னாய்யா இது! எப்பத்திலேர்ந்து?"

"நாலு நாளா சார்."

"அந்தச் செருப்பு தைக்கிறவன் பூட்ஸா? நீ சொன்னியாமே, அளவை விட்டுட்டான்னு." பல்லைக் கடித்தார். "அவன் பண்ண தப்புக்கு உன் பொழப்புல மண்ணு விழணுமா? நீ ரெண்டு நாளு ஸ்டோர்ல உக்காரு, நான் ஆஜர் போட்டுக்கிறேன். வெள்ளிக்கிழமை லிஸ்ட் போவுது, உன் பேரு இருக்கும். அவனை நான் பார்த்துக்கிறேன். பஸ் ஸ்டாண்டுல கடை போடறதுக்கு எடம் குடுத்தவங்க எனக்குத் தெரிஞ்சவங்கதான்."

நல்ல மனிதர். எனக்காகத்தான் கோபப்பட்டார்.

கூட்டம் தேரைப் பார்த்துக் கும்பிட்டது. நானும் கும்பிட்டேன். என்ன கேட்டேன் என்று நினைவில்லை.

19-3-70

ஸ்டோரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வேலையும் இல்லை. கம்பிச் சுருள்களை எண்ணினேன், மறுபடி எண்ணினேன்.

நான் பேசாமல் இருந்தால் போதும். வேறு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பேர் இருக்கும், சம்பளம் வரும், காலுக்கு லீவு கிடைக்கும். ஒரு தகரக் கடை இருக்கிற இடத்திலிருந்து போகும். அந்த ஆளுக்கு வேறு இடம் கிடைக்காதா? கிடைக்கும். கிடைக்குமா? ஐம்பத்தைந்து வயசுல எங்கய்யா போவான்? உள்ள அஞ்சு ஜோடித் தோலு வேற. ஒரு வார்த்தை கூடத் திருப்பித் திட்டலியே என்னை.

பரசுராமன் கம்பத்தின் மேல் இருந்தது வேறு கண்ணுக்கு முன்னால் வந்துகொண்டே இருக்கிறது.

20-3-70

சொல்லிவிட்டேன்.

காலை எட்டு மணிக்கு, கேங் முழுக்க நிற்கும்போது. தனியாகச் சொன்னால் பாதியில் மாற்றிவிடுவேன் என்று எனக்கு என்மேல் பயம்.

"சார், பூட்ஸ் அளவு தப்பு இல்ல. நான் குடுத்த அளவு தப்பு. அவரு நிக்கச் சொன்னாரு, காலைக் கேட்டாரு, நான் குடுக்கல. தறியில உக்காந்து வரைஞ்சு குடுத்தேன். புண்ணு நாலு நாளா இல்ல சார். டிசம்பர்லேர்ந்து."

தணிகாசலம் ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"டிசம்பர்லேர்ந்து. போன வாரம் கயிறு ஓடுச்சே, அது?"

"கால் ஊன்ற முடியல சார்."

"மேல யாரு இருந்தது?"

நான் பரசுராமனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"கடிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் உன்னைத் தின்னுடுவனா? அவன் விழுந்திருந்தா அவன் பொண்டாட்டிக்கு யார்யா பதில் சொல்றது?" இந்தத் தடவை குரல் உயர்ந்தது. சட்டைப்பையிலிருந்து லிஸ்ட்டை எடுத்து, தொடையில் வைத்து, என் பேரின்மேல் ஒரு கோடு போட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போ. போய்யா."

ஆஸ்பத்திரியில் கீறிவிட்டுச் சுத்தம் செய்தார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் விரலை எடுத்திருப்போம் என்றார் டாக்டர். மூன்று வாரம் படுக்கை.

குழலியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேர் போனதற்கு அவள் அழவில்லை. "மூணு மாசம் பக்கத்துல படுத்துக்கினு எங்கிட்ட கூட மறைச்சீங்களே" என்று அதற்குத்தான் அழுதாள்.

27-3-70

பாயில் படுத்திருக்கிறேன். தறிச் சத்தம். கோபம்கூட வரவில்லை, அவ்வளவு அசதி.

2-4-70

பரசுராமன் வந்தான். வாசலில் நின்றான். உள்ளே வா என்றேன், வரவில்லை.

"உன்மேல எனக்குக் கோவம் போவலைப்பா. போவறப்ப போவும். அதுக்கு வரல. அந்த முனிரத்தினத்துக்கிட்ட நான்தான போய் வேணாம்னு சொன்னேன்? எல்லாரும் தெச்சுக்கிறோம். நீ வந்து கூட நில்லு. எனக்கு அந்த ஆளு மூஞ்சியில தனியா முழிக்க முடியாது."

12-4-70

புண் ஆறிவிட்டது. ஆறு பேரும் போனோம்.

முனிரத்தினம் எழுந்து நின்றார், சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார். நான் முன்னால் போய், "தப்பு என்னுதுங்க. உங்க மேல பழி போட்டுட்டேன்" என்றேன்.

"கேள்விப்பட்டேன். சொல்ல வேண்டிய எடத்துல சொல்லிட்டீங்க இல்ல. எங்கிட்ட எதுக்கு?" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை விரித்தார்.

மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் ஏறி நின்றேன். அவர் உட்கார்ந்து என் வலது காலை இரண்டு கையாலும் பிடித்தார். உள்ளங்கை சொரசொரவென்று சூடாக இருந்தது. சுண்டுவிரல் வடுவைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிப் பார்த்து, வலிக்குதா என்று முகத்தை நிமிர்த்திக் கேட்டார். இல்லை என்றேன். அளவுக்கு அளவு தோல் வாரில் முடிச்சுப் போட்டு "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று தெலுங்கில் தமக்குள் எண்ணிக்கொண்டார். நினைவு தெரிந்து இத்தனை பொறுமையாக யாரும் என் காலைப் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, தெருவுக்காக இல்லை.

அடுத்து பரசுராமன் ஏறினான்.

30-4-70

லிஸ்ட் ஒட்டினார்கள். நான்கு பேர். பரசுராமன் பேர் இருக்கிறது. என் பேர் இல்லை என்று தெரியும், இருந்தும் மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தேன். தணிகாசலம் என்னைத் தாண்டிப் போகும்போது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். தினக்கூலிதான், ஆள் வேண்டும், வா என்றும் சொன்னார்.

பட்டி வைத்துத் திரும்ப வந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு போனேன். வெயில். ஏழு கம்பம் நட்டோம். கடைசிக் கம்பத்துக்கு இரண்டு மைல் கருவேலங்காட்டுக்குள் சுமந்துகொண்டு போகவேண்டியிருந்தது. பரசுராமன் முன்பக்கம், நான் பின்பக்கம். அவன் மேலே ஏறும்போது கயிற்றை என்னிடம்தான் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து லிஸ்ட்டைச் சொன்னேன். குழலி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, கால் எப்படி இருக்குது என்று கேட்டாள்.

அவள் கேட்ட பிறகுதான் தெரிந்தது. காலையிலிருந்து நான் காலை நினைக்கவே இல்லை.